கிருமிக்குள் புரதம் உடைவது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கஷ்டப்பட்டுத் தயாரித்த புரதத்தை பாக்டீரியா ஏன் தானே உடைக்கிறது?
(கல்லூரி மாணவி, ராயபுரம்)

அவசரத்துக்குத் தயாராக இருக்கத்தான். ஈ.கோலை பாக்டீரியாவில் ஆர்.பி.ஓ.எஸ். என்றொரு புரதம் உண்டு. பட்டினி போன்ற நெருக்கடியில் தேவையான ஜீன்களை முடுக்கிவிடுவது அதுதான். சாப்பாடு தாராளமாக இருக்கும்போதும் செல் அதைத் தயாரிக்கிறது, ஆனால் சில நிமிடங்களிலேயே பாதி உடைந்துபோகிறது. ஆர்.எஸ்.எஸ்.பி. என்ற துணைப் புரதம் அதைப் பிடித்து, கிளிப்-எக்ஸ்.பி. என்ற உடைக்கும் நொதியிடம் ஒப்படைத்துவிடும். பட்டினி வந்ததும் இந்த ஒப்படைப்பு நிற்கிறது, புரதம் மளமளவென்று சேர்கிறது. பார்க்க வீண்செலவுதான், ஆனால் அந்த வேகம் உயிரைக் காக்கிறது.

அந்த நொதி கண்டதையெல்லாம் வெட்டிவிடாதா?
(பள்ளி ஆசிரியர், வியாசர்பாடி)

வெட்டாது. வெட்டும் பகுதிகள் மூடிய பீப்பாய்க்குள் இருக்கின்றன. ஏழு ஏழாக இரண்டு வளையம், மொத்தம் 14 துண்டுகள். மடிந்த புரதம் நுழைய முடியாத அளவுக்கு வாசல் குறுகலானது. வாசலில் உள்ள ஆறு துண்டு வளையம்தான் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, அடையாளம் உள்ள புரதத்தை மட்டும் மடிப்பைப் பிரித்து உள்ளே இழுக்கும்.

அடையாளம் வைக்கும் விதத்தில் எனக்கு இன்றைக்கும் வியப்பு தீரவில்லை. புரதம் தயாரிக்கும் இயந்திரமான ரைபோசோம் பாதியில் சிக்கிக்கொண்டால் டிஎம்-ஆர்என்ஏ என்ற மூலக்கூறு வந்து சேர்கிறது. அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் டிஆர்என்ஏ, புரதத்துக்கான குறிப்பைத் தரும் எம்ஆர்என்ஏ இரண்டின் வேலையையும் அந்த ஒரே மூலக்கூறு பார்க்கிறது. ஈ.கோலையில் அது அரைகுறைப் புரதத்தின் வாலில் 11 அமினோ அமிலங்களைச் சேர்த்துவிடும். ரைபோசோமும் விடுபடும், அந்தப் புரதமும் உடைபடப் போகும்.

காசிமேட்டில் வாங்கிய மீன் கெட்டுப்போவதும் இதனால்தானா?
(இல்லத்தரசி, தண்டையார்பேட்டை)

இல்லைங்க. அங்கே பாக்டீரியா வெளியே விடும் நொதிகளும் மீனின் சொந்த நொதிகளும் சதையைக் கரைக்கின்றன. அந்தக் கவிச்சி நாற்றத்தில் பெரும்பங்கு ட்ரைமெத்திலமீன் என்ற வேதிப்பொருள், அது புரதத்திலிருந்து வருவதில்லை. ஐஸ் போட்டால் எல்லாமே மெதுவாகும்.

அப்பா டி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். அந்தக் கிருமிக்கும் இது உண்டா?
(வாசகர், புளியந்தோப்பு)

உண்டு. டி.பி.க்குத் தரும் பைரசினமைடு மாத்திரைக்கே இதில் பங்கிருக்கிறது. கிருமிக்குள் அது பைரசினாயிக் அமிலமாக மாறி, பான்-டி என்ற நொதியில் ஒட்டிக்கொள்கிறது. உடனே கிருமியின் சொந்த கிளிப் நொதியே பான்-டியை உடைத்துவிடும். பான்-டி இல்லாவிட்டால் கிருமி உயிர்வாழத் தேவையான கோஎன்சைம்-ஏ என்ற பொருளின் தயாரிப்பு தடைபடும்.

வழக்கமான சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் இந்த மாத்திரை உண்டு. இருமல் குறைந்துவிட்டதே என்று அப்பா எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டுவலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கண் மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.