மெக்சிகோவின் புவேர்ட்டோ வயார்ட்டாவுக்குக் குறைந்த செலவில் போய் வர முடியுமா?

கேட்டவர் டெக்சஸில் வேலை பார்க்கிறார், மனைவி சைவம். கான்கூன் ரிசார்ட் விலையைப் பார்த்து மிரண்டுபோய், பசிபிக் கரையில் இருக்கும் வயார்ட்டா மலிவு என்கிறார்களே, நிஜமா என்று கேட்டிருக்கிறார்.

முடியும். ஆனால் "வயார்ட்டா மலிவு" என்று சொல்பவர்களைப் பாதிதான் நம்ப வேண்டும். அங்கே இருப்பது ஒரே பெயரில் இரண்டு ஊர். வடக்கே பெரிய ஓட்டல்கள், மரீனா, அமேகா ஆற்றைத் தாண்டினால் நயாரித் மாநிலத்தில் நுவேவோ வயார்ட்டா (இப்போது அதிகாரப்பூர்வமாக நுவேவோ நயாரித்). அங்கே எல்லாமே டாலர் கணக்கு. தெற்கே குவாலே ஆற்றின் இரு கரையிலும் இருப்பது பழைய ஊர். கல் பாவிய தெருக்கள், மூச்சு வாங்க வைக்கும் படிக்கட்டுகள், பெசோவில் சாப்பாடு. நீங்கள் எந்த ஊரில் தங்குகிறீர்கள் என்பதுதான் செலவில் பாதியைத் தீர்மானிக்கும்.

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும், அதில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். கிரீன் கார்டு இருந்தாலும் சரி. விசா காலாவதியாகி, ஐ-797 காகிதத்தை (அமெரிக்கக் குடியேற்றத் துறை தரும் ஒப்புதல் கடிதம்) மட்டும் கையில் வைத்திருப்பவர்கள் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

எப்போது போவது? டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானிலை அருமை, விலையும் அதற்கேற்ப. ஈஸ்டரையொட்டிய இரண்டு வாரங்களில் மெக்சிகோ முழுவதும் கடற்கரைக்குத்தான் கிளம்பும், அந்தச் சமயம் வேண்டவே வேண்டாம். செப்டம்பர், அக்டோபரில் அறைகள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். ஆனால் மழை, புழுக்கம், புயல் பயம் மூன்றும் சேர்ந்து வரும். 2023 அக்டோபரில் லிடியா புயல் அந்த ஊருக்குத் தெற்கேதான் கரையைக் கடந்தது. என் தேர்வு நவம்பர் மாதம், அதற்கடுத்தபடியாக மே. நவம்பரில் மழை ஓய்ந்து மலை பச்சையாக இருக்கும், கூட்டம் இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

விமான நிலையத்தில்தான் முதல் சோதனை. சுங்கச் சோதனை முடிந்து வெளியே வருவதற்குள் ஒரு கூடத்தைக் கடக்க வேண்டும். இரண்டு பக்கமும் அட்டை மாட்டிய ஆட்கள் "டாக்ஸியா? எந்த ஓட்டல்? இங்கே வாங்க" என்று அதிகாரிகள் மாதிரியே கூப்பிடுவார்கள். எல்லாரும் டைம்ஷேர், அதாவது ஓட்டல் அறையை ஆண்டுக்குச் சில நாள் என்று பங்கு போட்டு விற்பவர்கள். யார் முகத்தையும் பார்க்காமல் நேராக நடந்து வெளியே வந்துவிடுங்கள். இதே கூட்டம் கடற்கரைச் சாலையிலும் நிற்கும். இலவசக் காலை உணவு, பாதி விலையில் படகுச் சவாரி என்பார்கள். அந்த இலவசத்துக்கு விடுமுறையில் அரை நாள் போய்விடும்.

வெளியே வந்ததும் நிலைய டாக்ஸியைப் பிடிக்காதீர்கள். நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு நடைபாலம் இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதைக் கடந்து எதிர்ப்புறம் போனால் ஊபர் கணிசமாகக் குறைந்த விலைக்கு வரும். பெட்டி சிறியது என்றால் நகரப் பேருந்தே போதும். நான் போனபோது டிக்கெட் 10 பெசோ. கடந்த சில ஆண்டுகளில் ஒரு டாலருக்கு 17 முதல் 20 பெசோ வரை கிடைத்துவந்தது என்பதால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். சில்லறையாக வைத்திருங்கள். கண்ணாடியில் "சென்ட்ரோ" என்று எழுதியிருக்கும் வண்டியில் ஏறுங்கள். "தூனெல்" என்று இருந்தால் அது மலைக்குள் இருக்கும் சுரங்கப்பாதை வழியாகப் போய்விடும், ஊர் மையத்துக்குள் வராது. சில வண்டிகளில் கிடார் பெட்டியோடு ஒருவர் ஏறிப் பாடுவார். சில்லறை அதற்கும் உதவும்.

தங்குவதற்கு எல்லாரும் சொல்வது சோனா ரொமான்டிகா. அழகான பேட்டைதான், ஆனால் இப்போது அங்கே வாடகை எகிறிவிட்டது. அதே தெருக்களில் கடற்கரையிலிருந்து விலகி மலை மேல் ஏற ஏற விலை இறங்கும். கால் தாங்கும் என்றால் அங்கே போங்கள். இல்லையென்றால் ஊர் மையத்துக்கு வடக்கே 'சின்கோ தெ திசியெம்ப்ரே' பேட்டையில் பாருங்கள். கடலும் பக்கம், பேருந்தும் பக்கம். சமையலறையுள்ள அறையாகப் பிடியுங்கள். காரணம் கீழே.

இனி சாப்பாடு. மதியம் கோமிடா கொர்ரிடா என்று பலகை போட்ட சின்னக் கடைகளைத் தேடுங்கள். நம் ஊர் மெஸ் சாப்பாடு மாதிரி அன்றைக்கு என்ன சமைத்தார்களோ அது. சூப், சாதம், ஒரு முக்கியப் பதார்த்தம், குளிர்பானம் எல்லாம் சேர்த்து 100 பெசோவை ஒட்டி முடிந்துவிடும். கடலோர உணவகத்தில் ஒரு காக்டெயிலே அதைவிட அதிகம். மீன் சாப்பிடுகிறவர் நீங்கள் என்றால் கவலையே இல்லை. தெருவோர மீன் டாக்கோவும், கடற்கரையில் குச்சியில் செருகிச் சுட்டு விற்கும் மீனும் போதும்.

மனைவிக்குத்தான் யோசிக்க வேண்டும். இறைச்சி இல்லாமல் என்று சொன்னால் கோழி போட்டுத் தருவார்கள், அவர்களுக்கு அது இறைச்சிக் கணக்கில் வராது. மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சாதம் கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். ஆகவே "சின் கார்னே, சின் போயோ, சின் மந்தேக்கா" (இறைச்சி, கோழி, பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று மூன்றையும் அடுக்கிச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். சப்பாத்திக்கள்ளியில் செய்யும் நோபால் டாக்கோ, சீஸ் வைத்த கெசடியா, மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் போட்ட மாங்காய், சோளம் எல்லாம் தைரியமாகச் சாப்பிடலாம். ஹபனேரோ சல்சா கேட்டு வாங்குங்கள், காரத்துக்குக் குறை இருக்காது. மிச்ச வேளைக்கு அறையில் சமைப்பது உத்தமம். அரிசி, மசூர் பருப்பு, கொண்டைக்கடலை, தேங்காய், காய்ந்த மிளகாய் எல்லாம் எளிதாகக் கிடைக்கும். துவரம்பருப்பையும் கறிவேப்பிலையையும் எதிர்பார்க்காதீர்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். 20 லிட்டர் கேன் வாங்கி வைத்துவிட்டால் பாட்டில் செலவு மிச்சம்.

மாலையில் மலெகோன் என்கிற கடற்கரைச் சாலையில் சுரைக்குடுக்கையோடு தூபா விற்பவர்கள் நிற்பார்கள். தென்னம்பாளையைச் சீவி இறக்குவதுதான், நம்மூர்ப் பதநீரின் உறவு. மணிலாவிலிருந்து வந்த ஸ்பானியக் கப்பல்கள் வழியாக பிலிப்பைன்ஸ்காரர்கள் இந்தக் கரைக்குக் கொண்டுவந்த வித்தை. மேலே ஆப்பிள் துண்டும் நிலக்கடலையும் போட்டுத் தருவார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றியது, ஆனாலும் குடித்தேன்.

அந்த மலெகோன் முழுக்க நடைபாதை, முழுக்க இலவசம். ரஃபேல் சமரிப்பாவின் கடற்குதிரைச் சிலை, செர்ஹியோ புஸ்தமாந்தேயின் ஏணி ஏறும் உருவங்கள், அப்புறம் மேலிருந்து தலைகீழாகச் சுழன்று இறங்கும் பபாந்த்லா கம்ப வித்தைக்காரர்கள் என்று ஒரு மாலை முழுக்க ஓடிவிடும். கம்ப வித்தைக்காரர்கள் தொப்பி நீட்டினால் ஏதாவது போடுங்கள், உயிரைப் பணயம் வைத்துச் செய்கிறார்கள். மிராதோர் தெ லா குரூஸ் குன்றுக்கும் கட்டணம் கிடையாது. வெயிலுக்கு முன் ஏறினால் பந்தேராஸ் விரிகுடா முழுதும் காலடியில். டிசம்பர் முதல் மார்ச் வரை கூனல் திமிங்கலங்கள் அங்கே வரும். படகுக்குக் காசு கொடுக்க மனமில்லை என்றால் உயரமான இடத்தில் நின்று நீர் பீய்ச்சுவதைத் தேடலாம். கண்ணில் படுவது அதிர்ஷ்டம்.

கடற்கரையில் பணம் கேட்டால் திகைக்க வேண்டாம். மெக்சிகோவில் கடற்கரை பொதுச்சொத்து. 2020-இல் சட்டத்தைத் திருத்தி, வழியை மறிப்பவர்களுக்கு அபராதமும் வைத்துவிட்டார்கள். உணவகத்துக்காரர் கேட்பது அவருடைய குடைக்கும் நாற்காலிக்கும் மட்டும். துண்டை விரித்து மணலில் உட்கார யாரும் காசு கேட்க முடியாது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எங்கே போவேன் என்று கேட்டால், போகா தெ தொமத்லான். பசிலியோ பதீயோ தெருவும் கான்ஸ்டிட்யூசியோன் தெருவும் சந்திக்கும் முனையில் பேருந்து. தெற்கே கடலை ஒட்டி வளைந்து போகும். இறங்கினால் மீனவக் கிராமம். அங்கிருந்து காட்டுக்குள் கடலோரமாக ஒரு ஒற்றையடிப் பாதை கொலொமித்தோஸ் என்கிற குட்டிக் கடற்கரை வழியாக லாஸ் அனிமாஸ் வரை போகிறது. நின்று நின்று நடந்தால் இரண்டு மூன்று மணி நேரம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், தண்ணீர் நிறைய எடுங்கள். திரும்ப நடக்க வேண்டியதில்லை, படகு இருக்கிறது. ஊர்த் துறையிலிருந்து படகில் போவதைவிட போகாவிலிருந்து போவது மலிவு, அதே கரையில் இன்னொரு கிராமமான யெலாப்பாவுக்கும் அப்படியே. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போனவுடன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லாஸ் அனிமாஸுக்குச் சாலை கிடையாது.

பணம் எடுக்க வங்கிக் கிளையோடு சேர்ந்த ஏடிஎம் பாருங்கள். "உங்கள் நாணயத்தில் மாற்றித் தரட்டுமா" என்று திரை கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்துங்கள், பணம் வந்துவிடும், உங்கள் வங்கியின் விகிதமே கணக்கில் வரும். கடையில் கார்டு தேய்க்கும்போதும் பெசோ என்றே சொல்லுங்கள். டிக்கெட் போடும் முன் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயண அறிவிப்பில், வயார்ட்டா இருக்கும் ஹலிஸ்கோ மாநிலம் பற்றிய பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் இதையெல்லாம் சொல்லமாட்டேன். அவர்களுக்கு நீச்சல்குளமும் எந்நேரமும் சாப்பாடும் உள்ள ஆல் இன்க்ளூசிவ் ஓட்டலே கணக்குக்குச் சரிவரலாம். நீங்கள் இருவர், அதிலும் ஒருவர் சைவம். கண்ணில் மட்டும் பார்க்கப்போகும் பஃபேக்கு எதற்கு முன்பணம்?