வயர்லெஸ்ஹார்ட் சென்சார்களுக்கு முகவரி: கேள்வி பதில்

கேள்வி: சார், டேங்க் ஏரியாவில் பிரஷர், டெம்பரேச்சர் டிரான்ஸ்மிட்டர் எல்லாம் வயர்லெஸ்ஹார்ட்டில் (கருவிகள் கம்பியில்லாமல் ரேடியோவில் பேசும் முறை) போடுகிறோம். மோட்பஸ்ஸில் (கருவிகள் டேட்டா பரிமாறும் இன்னொரு முறை) ஸ்லேவ் நம்பர் 1, 2, 3 என்று கொடுப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் நாமே முகவரி கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், அந்த மோட்பஸ் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். இங்கே ஒரு கருவிக்கு இரண்டு முகவரி உண்டு. 8 பைட் முகவரி ஃபேக்டரியிலேயே பதிந்து வருவது, மாறாது. 2 பைட் முகவரியை, அதாவது நிக்நேமை, கருவி நெட்வொர்க்கில் சேரும்போது, நெட்வொர்க்கை நடத்தும் மென்பொருளான நெட்வொர்க் மேனேஜரே கொடுத்துவிடும். ரேடியோவில் ஒரு பாக்கெட் அதிகபட்சம் 127 பைட்தான், அதில் அனுப்புகிற பக்கமும் வாங்குகிற பக்கமும் 8 பைட் எடுத்துக்கொண்டால் டேட்டாவுக்கு இடம் குறைந்துவிடும், அதற்காகத்தான் இந்தக் குட்டி முகவரி. நீங்கள் கையால் போட வேண்டியது நெட்வொர்க் ஐடி (எந்த நெட்வொர்க் என்று காட்டும் எண்), ஜாயின் கீ (அதில் சேர விடும் ரகசியச் சாவி), டேக் (கருவிக்கு நாம் வைக்கும் பெயர்). டேக்கை மட்டும் தயவுசெய்து ஒர்க்‌ஷாப்பிலேயே போட்டுவிடுங்கள். டேக் இல்லாத பத்து கருவிகளை மேலே ஏற்றி மாட்டிவிட்டு, எது எந்த டேங்க் என்று தேடுவது பெரிய கொடுமை.

கேள்வி: அண்ணா, ஐடி, கீ இரண்டும் போட்டாச்சு. காலையிலிருந்து கருவி கேட்வேயில் (எல்லாக் கருவிகளின் டேட்டாவையும் வாங்கும் பெட்டி) வரவே இல்லை.

பதில்: டிஸ்ப்ளே என்ன காட்டுகிறது என்று பாருங்கள் தம்பி. தேடிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் நெட்வொர்க் ஐடி தப்பு, இல்லையென்றால் பக்கத்தில் பேச ஆளில்லை. சேரப் போய்விட்டு மறுபடி தேடலுக்குத் திரும்பினால் ஜாயின் கீயைச் சந்தேகப்படுங்கள். ஐடியில் டெசிமலா ஹெக்ஸா (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) என்ற குழப்பம் அடிக்கடி வரும்: ஒரு டூல் 1234 என்று ஹெக்ஸில் காட்டுவது இன்னொன்றில் டெசிமலில் 4660. கீ 128 பிட், 32 ஹெக்ஸ் எழுத்து, ஹேண்ட்ஹெல்டில் பெரும்பாலும் நான்கு துண்டாகக் கேட்கும். எழுதலாம், ஆனால் திரும்பப் படித்துப் பார்க்க முடியாது, அதனால் சந்தேகம் வந்தால் நான்கையும் மறுபடி அடிப்பதுதான் வழி. எல்லாம் சரி என்றால் கேட்வேயில் ஆக்டிவ் அட்வர்டைசிங்கை (புதுக் கருவிகளை அடிக்கடி அழைக்கும் வசதி) ஆன் செய்யுங்கள், சேருவது வேகமாகும். அப்புறம் ஒன்று, பவர் கொடுப்பதை எப்போதும் கேட்வே பக்கத்திலிருந்து வெளியே போகிற வரிசையில் செய்யுங்கள். ஒன்றின் செய்தியை இன்னொன்று கடத்துவதால், நடுவில் இருப்பவை எழும்பாமல் தூரத்துக் கருவிக்கு யார் குரலும் கேட்காது.

கேள்வி: பிளான்ட் முழுக்க ஒரே ஜாயின் கீ வைக்கலாமா?

பதில்: வேலை செய்யும், ஆனால் நான் வேண்டாம் என்பேன். ரிப்பேருக்கு வெளியே போகிற ஒவ்வொரு கருவியோடும் உங்கள் சாவியும் போகிறது. கேட்வேயில் அக்சஸ் லிஸ்ட் (சேர அனுமதி உள்ள கருவிகளின் பட்டியல்) இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கீ கொடுங்கள். முடியாவிட்டால் கேட்வேக்கு ஒரு கீ என்றாவது வையுங்கள். நெட்வொர்க் ஐடி, ஒவ்வொரு கேட்வேக்கும் கட்டாயம் வேறாக இருக்க வேண்டும்.

கேள்வி: பழுதான டிரான்ஸ்மிட்டரை மாற்றி அதே டேக் போட்டேன். கேட்வே ஏற்கவில்லை, ஏன்?

பதில்: உங்களுக்கு டேக் ஒன்றுதான், கேட்வேக்கு இது புது ஆள். 8 பைட்டில் முதல் மூன்று எல்லா வயர்லெஸ்ஹார்ட் கருவிக்கும் பொது (00-1பி-1இ), அடுத்த இரண்டு கருவி வகை, கடைசி மூன்று அந்தக் கருவிக்கே உரிய எண். அதே மாடலாக இருந்தாலும் அந்தக் கடைசி மூன்று மாறியிருக்கும். அக்சஸ் லிஸ்டில் பழையதை நீக்கிப் புதியதைச் சேருங்கள். நீக்காமல் விட்டால் ஒரே டேக்கில் இரண்டு பேர் நிற்பார்கள். டேக், 8 பைட் முகவரி, மாட்டிய இடம் மூன்றையும் ஒரு ஷீட்டில் எழுதி வைத்து, மாற்றும் அன்றே திருத்துங்கள்.

கேள்வி: போலிங் அட்ரஸ் 0 என்று இருக்கிறதே, மாற்றணுமா?

பதில்: அது கருவியின் டெர்மினலில் கம்பி வழியாக மோடம் மாட்டிப் பேசுவதற்கு. ரேடியோவுக்குச் சம்பந்தமில்லை, அப்படியே விடுங்கள்.

கேள்வி: ஐஎஸ்ஏ100-லும் (இதேபோன்ற இன்னொரு வயர்லெஸ் முறை) இப்படித்தானா?

பதில்: ஏறக்குறைய. 8 பைட்டும் 2 பைட்டும் அங்கேயும் உண்டு, மேலே 128 பிட் ஐபிவி6 முகவரியும் சேரும்.

கேள்வி: கேட்வேயிலிருந்து டிசிஎஸ்ஸுக்கு (பிளான்ட்டின் கன்ட்ரோல் சிஸ்டம்) மோட்பஸ்ஸில் எடுக்கிறோம். வேல்யூ கன்னாபின்னா என்று வருகிறது.

பதில்: இங்கேதான் முகவரியை நாமே போட வேண்டும். ஒரு ஃப்ளோட் (தசம எண்) வேல்யூ இரண்டு ரெஜிஸ்டரை (எண் வைக்கும் இடம்) பிடிக்கும், முதலாவதை 40001-இல் வைத்தால் அடுத்தது 40003. 40002-இல் வைத்திருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். அது சரியாக இருந்தால் ஒரு எண் தள்ளிப் படித்துப் பாருங்கள், சில சிஸ்டம் 0-இலிருந்து எண்ணும். அப்போதும் வரவில்லையா, வேர்டு ஸ்வாப் (இரண்டு ரெஜிஸ்டரில் எது முன்னால் என்பதை மாற்றுவது) செட்டிங்கை மாற்றுங்கள்.