பொருளின் விலையைப் பார்த்துத் தள்ளுபடி: இணையக் கடையில் எப்படி அமைப்பது?

கேள்வி: ஆம்பூரில் ஷூ, செருப்பு, பெல்ட், பர்ஸ் விற்கிறோம். வேர்ட்பிரஸ் தளத்தில், வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளில் இணையக் கடை இருக்கிறது. சுமார் 140 பொருட்கள். தீபாவளிக்கு 1,000 ரூபாய்க்குக் கீழ் தள்ளுபடி இல்லை, 1,000 முதல் 2,499 வரை 10%, 2,500 முதல் 15% என ஒவ்வொரு பொருளின் விலைக்கும் ஏற்பத் தானாகக் குறைய வேண்டும். கூப்பனில் குறைந்தபட்சத் தொகை போட்டுப் பார்த்தேன். 700 ரூபாய்ச் செருப்பு இரண்டு வாங்கினாலும் 10% குறைந்துவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: நீங்கள் போட்ட ‘மினிமம் ஸ்பெண்ட்’ என்ற கட்டம் பொருளின் விலையைப் பார்ப்பதே இல்லை, கார்ட்டின் மொத்தத்தைத்தான் பார்க்கும். 700 ரூபாய்ச் செருப்பு இரண்டு சேர்ந்தால் 1,400. நிபந்தனை நிறைவேறிவிட்டது, கூப்பன் விழுந்துவிட்டது. மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ‘இந்த விலைக்கு மேற்பட்ட பொருளுக்கு மட்டும்’ என்று சொல்லும் கட்டம் வூகாமர்ஸின் கூப்பனில் கிடையாது. பொருளையோ வகையையோ குறிப்பிட்டுக் கட்டுப்படுத்தலாம். விலையைக் குறிப்பிட்டுக் கட்டுப்படுத்த முடியாது.

இதற்குத் தள்ளுபடி ப்ளகின்கள் (கடையோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்கள்) இருக்கின்றன. ஆனால் 140 பொருள் உள்ள கடைக்கு ப்ளகின் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பொருட்களின் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி, தள்ளுபடி விலையை அதிலேயே கணக்கிட்டுத் திரும்ப ஏற்றிவிடுங்கள். அரை நாள் வேலை. பட்டியல் பக்கம், பொருள் பக்கம், கார்ட், பில் எல்லாவற்றிலும் ஒரே விலை தெரியும். இன்னொரு பெரிய காரணமும் உண்டு, அது ஜிஎஸ்டி. அதைப் பிறகு பார்ப்போம்.

கணினியைத் திறக்கும் முன் விலைப்பட்டியலைத் தாளில் எடுத்துப் பாருங்கள். நீங்கள் போட்டிருக்கும் கோட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2,499 ரூபாய் ஷூவுக்கு 10% போனால் 2,249 ரூபாய். 2,500 ரூபாய் ஷூவுக்கு 15% போனால் 2,125. உயர்ந்த ஷூ மலிவாகிவிட்டது! இந்தத் தலைகீழ் 2,500-இல் மட்டும் நிற்காது. 2,645 ரூபாய் வரை விலை உள்ள எல்லாமே 2,499 ரூபாய் ஷூவைவிடக் குறைவாக விற்கும். கீழ்க்கோட்டிலும் இதே கதைதான். 999 ரூபாய்ச் செருப்புக்குத் தள்ளுபடி இல்லை. 1,049 ரூபாய்ச் செருப்பு 944-க்குப் போகிறது. 1,109 வரை இப்படியே.

கடையில் நேரில் பேரம் பேசினால் இந்தப் பிசகு வராது. கல்லாவில் இருப்பவர் இரண்டு ஜோடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் விலை சொல்வார். இணையக் கடையில் வாடிக்கையாளர் ‘விலை: குறைவிலிருந்து அதிகம்’ என்று அடுக்கிப் பார்ப்பார். மேல்தர ஷூ கீழ்த்தர ஷூவுக்கு முன்னால் வந்து நின்றால், முந்தைய விலையே ஏற்றிப் போட்டது என்ற சந்தேகம் அவருக்கு வரும்.

தீர்வு எளிது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு தரைவிலை வையுங்கள். 10% அடுக்கில் எதுவும் 999-க்குக் கீழே போகக்கூடாது. 15% அடுக்கில் எதுவும் 2,249-க்குக் கீழே போகக்கூடாது. 1,049 ரூபாய்ச் செருப்பு 999-க்கும், 2,599 ரூபாய் ஷூ 2,249-க்கும் விற்கும். வருமான வரியில் வரம்பைச் சற்றே தாண்டியவருக்கு நிவாரணம் கொடுத்துப் பள்ளத்தை அடைக்கிறார்களே, அதே கணக்குதான். எக்ஸெலில் ‘மேக்ஸ்’ சூத்திரம் போதும்: விலை × 0.85, 2,249 ஆகிய இரண்டில் எது பெரிதோ அது.

இனி வேலைக்கு வருவோம். வூகாமர்ஸில் ‘புராடக்ட்ஸ்’ பக்கத்தின் மேலே ‘எக்ஸ்போர்ட்’ இருக்கும். வேரியேஷன்கள் (ஒரே பொருளின் வெவ்வேறு சைஸ்கள்) உட்பட எல்லா வகைப் பொருளையும் எடுத்து ஒரு பிரதியைத் தொடாமல் பத்திரப்படுத்துங்கள். விற்பனை முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் துணை. வேலைப் பிரதியில் ஐடி, டைப், எஸ்கேயூ (பொருளின் குறியீடு), ரெகுலர் பிரைஸ் (வழக்கமான விலை), சேல் பிரைஸ் (தள்ளுபடி விலை), விற்பனை தொடங்கும் தேதி, முடியும் தேதி, டேக்ஸ் கிளாஸ் (எந்த வரி விகிதம் என்பது) ஆகிய நிரல்கள் (நெடுவரிசைகள்) போதும்.

பலர் தடுக்கி விழும் இடம் சைஸ். ஷூ 6 முதல் 11 வரை சைஸ் வைத்திருந்தால், தலைவரிசையில் (டைப் நிரலில் ‘வேரியபிள்’ என்றிருக்கும்) விலை இருக்காது. கீழே ஒவ்வொரு சைஸுக்கும் தனி வரிசை (‘வேரியேஷன்’), அதில்தான் விலை. தலைவரிசையில் சேல் பிரைஸ் போட்டுவிட்டு ‘விலை மாறவில்லையே’ என்று தேடாதீர்கள். ஆறு சைஸுக்கும் ஆறு வரிசையிலும் போட வேண்டும். டேக்ஸ் கிளாஸ் நேர்மாறு: சைஸ் வரிசைகள் வழக்கமாகத் தலைவரிசையையே பின்பற்றும், ஆகவே அதைத் தலைவரிசையில் மாற்றினால் போதும்.

கணக்கை எப்போதும் ரெகுலர் பிரைஸிலிருந்தே போடுங்கள். ஏற்கெனவே சேல் பிரைஸ் இருக்கும் பொருளில் அதன்மேல் இன்னொரு 15% போட்டால் அடக்கவிலையைத் தொட்டுவிடும். பைசாவை ரூபாய்க்கு முழுமையாக்குங்கள். சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். எஸ்கேயூ பூஜ்யத்தில் தொடங்கினால், கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்கும்போதே எக்ஸெல் அந்தப் பூஜ்யத்தைத் தின்றுவிடும். அந்த நிரலை ‘டெக்ஸ்ட்’ ஆகக் குறித்து உள்ளே எடுங்கள். திரும்ப ஏற்றும்போது ‘இருக்கும் பொருட்களைப் புதுப்பி’ என்ற கட்டத்தில் டிக் அவசியம். முதலில் மூன்றே வரிசையை ஏற்றிப் பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

இப்போது ஜிஎஸ்டி. உங்கள் தொழிலில் பணம் கசியும் இடம் இதுதான். கடை அமைத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு ஜோடியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை இருந்தால் காலணிக்கு 5%, அதற்கு மேல் 18%. முன்பு கோடு 1,000 ரூபாயில் இருந்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் இன்னும் அதுதான் இருக்கும், நம்ப வேண்டாம். இந்த 2,500 வரிக்கு முந்தைய மதிப்பு. உங்கள் தள்ளுபடிக் கோட்டில் இருக்கும் 2,500 வரியோடு சேர்ந்த விலை. இரண்டும் ஒரே எண்ணாக இருப்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெல்ட்டுக்கும் பர்ஸுக்கும் இந்த விலைக்கோடு கிடையாது. தைத்த ஆடை விற்பவர்களுக்கு உண்டு, அதே 2,500-தான்.

பில்லில் காட்டிக் கொடுக்கும் தள்ளுபடி போக மிச்சத்துக்குத்தான் வரி. ஆகவே தள்ளுபடி, ஷூவை 18%-இலிருந்து 5%-க்கு இறக்கிவிடலாம். ஆனால் வூகாமர்ஸ் அதை உணராது. பொருளுக்கு எந்த டேக்ஸ் கிளாஸ் கொடுத்தீர்களோ, விலை எவ்வளவு இறங்கினாலும் அதையே போடும்.

2,999 ரூபாய் ஷூவை எடுத்துக்கொள்வோம். தள்ளுபடிக்கு முன் 18% வரி போக உங்களுக்கு 2,541.53. 15% குறைத்தால் வாடிக்கையாளர் கொடுப்பது 2,549.15. இதற்குரிய வரி 5%, உங்களுக்கு 2,427.76 நிற்க வேண்டும். கிளாஸை மாற்றாமல் விட்டால் மென்பொருள் 18% என்றே பிரித்து, உங்களுக்கு 2,160.30 என்று காட்டும். ஒரு ஜோடிக்கு 267 ரூபாய் வரிக்கணக்கில் போய்விடுகிறது. பில்லும் தவறு. சரியாகச் செய்தால் வாடிக்கையாளருக்குக் கிட்டத்தட்ட 450 ரூபாய் குறைகிறது, உங்கள் கையிலிருந்து போவது 114 ரூபாய்தான்.

இன்னொரு சிக்கலான பகுதி உண்டு. வரியோடு சேர்த்துப் பார்த்தால் 5% அடுக்கு 2,625 ரூபாயில் முடிகிறது. 18% அடுக்கு 2,950-க்கு மேல்தான் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் விலை எந்தக் கணக்கிலும் பொருந்தாது. 2,700 ரூபாய் என்று வையுங்கள்: 5% என்று பிரித்தால் மதிப்பு 2,571, கோட்டைத் தாண்டிவிட்டது; 18% என்று பிரித்தால் 2,288, கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. இறுதி விலையை இந்த இடைவெளியில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். 15% தள்ளுபடியில், 3,090 முதல் 3,470 வரை குறித்த ஷூக்கள் எல்லாம் இங்கேதான் வந்து விழும்.

உதாரணமாக 3,299. 15% போனால் 2,804.15, மென்பொருள் 18% பிரித்தால் உங்களுக்கு 2,376.40. அதையே துணிந்து 2,599-க்குக் கொடுத்து 5% கிளாஸில் போட்டால் உங்களுக்கு 2,475.24. வாடிக்கையாளர் 205 ரூபாய் குறைவாகக் கொடுக்கிறார், உங்களுக்கு 99 ரூபாய் அதிகம் வருகிறது. ‘3,299 இப்போது 2,599’ என்ற பலகையும் கண்ணை இழுக்கும். இந்த விலைவரம்பில் இருக்கும் ஷூக்களுக்குச் சதவீதத்தை மறந்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் 2,599 அல்லது 2,625 என்று கையால் விலை வையுங்கள். பட்டியலை ஏற்றும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கிளாஸ் மாற்ற, 5% கிளாஸில் ஏற்கெனவே இருக்கும் ஒரு செருப்பின் வரிசையில் டேக்ஸ் கிளாஸ் நிரலில் என்ன சொல் இருக்கிறதோ அதை நகலெடுத்துப் போடுங்கள். கையால் அடித்தால் ஓர் எழுத்துப் பிசகினாலும் கிளாஸ் சரியாக உட்காராது. தமிழ்நாட்டுக்குள் வரும் ஆர்டருக்கு சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 2.5%, எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்தின் பங்கு) 2.5% என்று இரண்டு வரிகள் விழ வேண்டும். வரி அட்டவணையில் இரண்டுக்கும் வெவ்வேறு ‘ப்ரையாரிட்டி’ எண் (1, 2) கொடுங்கள். ஒரே எண் கொடுத்தால் ஒன்றுதான் விழும்.

ப்ளகின்தான் வேண்டும் என்றால் (விலை அடிக்கடி மாறும் கடைக்கும், ஆயிரக்கணக்கில் பொருள் உள்ள கடைக்கும் அதுதான் வசதி), அமைப்புகளில் மூன்றைப் பாருங்கள். நிபந்தனை ஒரு பொருளின் விலையைப் பார்க்கிறதா, விலை × எண்ணிக்கையைப் பார்க்கிறதா என்பது முதலாவது. விலை × எண்ணிக்கையைப் பார்ப்பது என்றால் உங்கள் பழைய 1,400 ரூபாய்ச் சிக்கலே திரும்ப வரும். தள்ளுபடி ரெகுலர் பிரைஸிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். பல விதிகள் பொருந்தினால் ஒன்று மட்டும் விழ வேண்டும். ‘பொருந்தும் எல்லா விதியும்’ என்பதைத் தேர்ந்தால், ‘1,000 முதல்’, ‘2,500 முதல்’ என்ற இரண்டும் சேர்ந்து விழும். ஷாப்பிஃபை (இன்னோர் இணையக் கடை மென்பொருள்) வைத்திருப்பவர்கள் விலை நிபந்தனையோடு ஒரு தானியங்கி கலெக்‌ஷன் (பொருள் தொகுப்பு) செய்து அதற்குத் தள்ளுபடி கொடுக்கலாம். அங்கே ‘அதிகம்’ என்றால் அதிகம் மட்டுமே, சமம் சேராது. 2,500-ஐயும் சேர்க்க 2,499.99 என்று போடுங்கள்.

கூப்பன் மோதலையும் கவனியுங்கள். முதல் ஆர்டருக்கு 10% வரவேற்புக் கூப்பன் ஓடிக்கொண்டிருந்தால், 15% குறைந்த விலையின்மேல் அதுவும் விழுந்து மொத்தம் 23.5% போய்விடும், அடுக்கு மாறி ஜிஎஸ்டி கணக்கும் கலையும். கூப்பனில் ‘எக்ஸ்க்ளூட் சேல் ஐட்டம்ஸ்’ டிக் செய்துவிடுங்கள். சேல் பிரைஸாகப் போட்ட தள்ளுபடியை இந்த டிக் அடையாளம் காணும். ப்ளகின் கார்ட்டில் குறைக்கும் விலையைப் பல சமயம் காணாது. இலவச டெலிவரி வரம்பும் இடிக்கும். 999 முதல் டெலிவரி இலவசம் என்றால், தரைவிலை 999 என்பதால் உங்கள் தள்ளுபடிச் செருப்புகள் தப்பிக்கும். வரம்பை 1,000 என்று வைத்திருந்தால், நேற்று வரை இலவசமாகப் போன 1,049 ரூபாய்ச் செருப்புக்கு இன்று டெலிவரிக் கட்டணம் கேட்கும். வரம்பை 999 ஆக்குங்கள்.

நேரமும் ஒரு பொறி. வேர்ட்பிரஸ் அமைப்பில் டைம்ஸோன் ‘யூடிசி’ (உலகப் பொது நேரம்) என்றே இருந்தால், நள்ளிரவுக்கு வைத்த விற்பனை காலை 5:30-க்குத்தான் தொடங்கும். ‘கொல்கத்தா’ என்று மாற்றுங்கள். தளத்துக்கு யாராவது வரும்போதுதான் அதன் நேரவேலைகள் ஓடும் என்பதால் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் விலை மாறத் தாமதமாகலாம். கேஷ் ப்ளகின் (பக்கங்களின் பழைய பிரதியைச் சேமித்து வேகமாகக் காட்டுவது) இருந்தால் தொடங்கும்போதும் முடியும்போதும் கேஷை அழியுங்கள். இல்லையேல் பொருள் பக்கத்தில் ஒரு விலையும் கார்ட்டில் வேறு விலையும் காட்டி வாடிக்கையாளரை விரட்டும்.

திறக்கும் முன், லாகின் செய்யாத வேறொரு பிரவுசரில் 999, 1,049, 2,499, 2,599, 2,999, 3,299 ரூபாய்ப் பொருட்களை ஒவ்வொன்றாகவும், 700 ரூபாய்ச் செருப்பு இரண்டைச் சேர்த்தும் கார்ட்டில் போட்டுப் பாருங்கள். வேலூர் முகவரி ஒன்று, பெங்களூரு முகவரி ஒன்று கொடுத்து வரி எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். வேலூருக்கு இரண்டு வரி, பெங்களூருக்கு ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான வரி) ஒன்று.

விற்பனை முடியும் தேதியில் சேல் பிரைஸ் தானாக நீங்கிவிடும், டேக்ஸ் கிளாஸ் நீங்காது. 5%-க்கு மாற்றிய ஷூக்கள் மறுநாள் 2,999-க்கு விற்கும்போதும் 5% வரியோடே போய்க்கொண்டிருக்கும். மீதி 13%-ஐ நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். எந்தெந்த ஷூவின் கிளாஸை மாற்றினீர்கள் என்ற பட்டியலைத் தனியே வைத்து, விற்பனை முடிந்த காலையே பழைய பிரதியிலிருந்து அந்த வரிசைகளைத் திரும்ப ஏற்றிவிடுங்கள்.