சொல்லித் தருவதா, விட்டுவிடுவதா?

கேள்வி: மகளுக்கு நாலரை வயது. எந்தப் பொம்மை வாங்கித் தந்தாலும் நான் செய்து காட்டியதை மட்டும் செய்துவிட்டு ஓரமாக வைத்துவிடுகிறாள். கணவர், "எதையும் சொல்லித் தராதே, தானே கற்றுக்கொள்ளட்டும்" என்கிறார். மாமியாரோ அவளைச் சமையலறைப் பக்கமே விடுவதில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மகளுக்கு ஆர்வம் இல்லையோ என்று கவலைப்படாதீர்கள். "அம்மா இதைத்தான் காட்டினாள், அப்படியென்றால் இதில் இருப்பது இவ்வளவுதான்" என்று அவள் கணக்குப் போடுகிறாள். அந்த வயதுக்கு அது நல்ல கணக்குதான்.

எலிசபெத் போனவிட்ஸ், லாரா ஷுல்ஸ் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் வீட்டுக் கதையேதான். ஒரு பொம்மையில் நான்கு வித்தைகள்: குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம், ஓரிடத்தில் விளக்கு, ஓரிடத்தில் இசை, உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு கண்ணாடி. சில குழந்தைகளுக்கு, "இதோ பார், இப்படித்தான்" என்று பாடம் நடத்துவதுபோல் குழாயை இழுத்துக் காட்டினார்கள். வேறு சிலரிடம், கை தவறி இழுபட்டதுபோல் நடித்து, "அட, சத்தம் வருகிறதே!" என்று வியந்தார்கள். பாடம் கேட்டவர்கள் குழாயையே இழுத்துக்கொண்டிருந்தார்கள். தற்செயலைப் பார்த்தவர்கள்தான் பொம்மையைக் குடைந்து மற்ற வித்தைகளையும் அதிகம் கண்டுபிடித்தார்கள். பாதியில் யாரோ கூப்பிட்டதுபோல் பாடத்தை நிறுத்திவிட்டுப் போனாலும் குழந்தைகள் கூடுதலாகத் தேடினார்கள். நடிக்கத் தெரிந்த அம்மாவுக்கு இது போதும்.

ஆக, பொம்மை விஷயத்தில் கணவர் கட்சிக்கே என் ஓட்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் அது சரிவராது. 1898-இல் அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக் பூனைகளைப் பெட்டியில் அடைத்துப் பார்த்தார். பூனை பிறாண்டும், கடிக்கும். எப்போதோ கால் பட்டுத் தாழ் விலகும். மறுமுறையும் ஏறக்குறைய அதே அமளிதான். வெளியேறும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது. தற்செயலாகக் கற்பதற்கு நாளாகும், அடியும் படும். பொம்மையோடு அது பரவாயில்லை. அடுப்போடு?

இங்கேதான் தென் ஆப்பிரிக்கப் பகுதியின் கலஹாரி பாலைவனத்தில் வாழும் மீர்கேட்டுகளைப் பார்க்க வேண்டும். கீரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை, தேளைத் தின்பவை. குட்டி தானாகத் தேளிடம் கற்கப் போனால் கொட்டுப்படும். அதனால் பெரியவை சின்னக் குட்டிக்குச் செத்த தேளைக் கொடுக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் கொடுக்கு நீக்கிய தேள். அப்புறம்தான் முழுத்தேள். 2006-இல் தார்ன்டன், மெக்காலிஃப் என்ற ஆய்வாளர்கள் இதை விவரித்தார்கள். பெரியவை பக்கத்திலேயே நிற்கும். இரை தப்பி ஓடினால் பிடித்துத் திருப்பித் தரும். எப்போதாவதுதான் அதை இன்னும் கொஞ்சம் முடக்கியோ கொன்றோ கொடுக்கும்.

சமையலறையில் இதையே செய்யுங்கள். முதலில் வெண்ணெய் தடவும் முனை மழுங்கிய கத்தி, ஒரு வாழைப்பழம். அது பழகியதும் வேகவைத்த உருளைக்கிழங்கு. வெட்டும்போது மற்றொரு கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் நேரடியாகச் சொல்லிக் கொடுங்கள். அதைத் தற்செயலுக்கு விடக்கூடாது. துண்டுகள் கோணலாக வந்தால் திருத்தாதீர்கள். கூரான கத்தி, அரிவாள்மனை, எரியும் அடுப்பு ஆகியவற்றில் மாமியார் சொல்வதே சரி, இப்போதைக்கு. அவரையே அவள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கத்தியைப் பிடுங்கி, "நானே நறுக்கித் தரேன்" என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.