மாமாவோட மைலோ டின்ல கிடைச்ச ஹாஃப் லைஃப் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம்ண்ணே. எங்க ஊரு பெஸ்தாரி ஜெயா, வீட்டுல பெரியவங்க இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைன்னுதான் சொல்லுவாங்க. தீபாவளிக்கு வீடு கழுவுறப்ப மாமாவோட பழைய செகா டிரீம்காஸ்ட் கேம் மெஷினும் மைலோ டின் நிறைய சிடியும் கிடைச்சுச்சு. ஒரு சிடில மார்க்கர் பேனால 'ஹாஃப் லைஃப்'னு எழுதியிருக்கு, போட்டா ஓடுது. ஆனா நெட்ல தேடுனா டிரீம்காஸ்ட்டுக்கு அந்த கேம் வரவே இல்லைங்கிறாங்க. மாமா பசார் மாலாம்ல காசு குடுத்து வாங்குனேன்னு சத்தியம் பண்றாரு. பிசில நான் விளையாடுனதுக்கும் இதுக்கும் ஆளுங்க மூஞ்சி, துப்பாக்கி, லோடிங் எல்லாமே வேற மாதிரி இருக்கு. யாரோ மாத்தி செஞ்ச டூப்பா, இல்ல உண்மையாவே கேம் வெளிவர்றதுக்கு முன்னாடி செஞ்ச பழைய பில்டாண்ணே?
– காலேஜ் மாணவர், பெஸ்தாரி ஜெயா

பதில்: தம்பி, மாமா பொய் சொல்லல, நெட்லயும் தப்பா போடல. அந்த கேம் கடைக்கு வரவே இல்ல, ஆனா ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் விளையாடுற அளவுக்கு செஞ்சு வச்சுட்டாங்க. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ஹாஃப் லைஃப் பிசிக்கு வந்தது 1998 நவம்பர்ல, வால்வ் செஞ்சு சியரா வெளியிட்டது. அது ஓடுறதுக்கு குறைஞ்சது 24 எம்பி மெமரி வேணும்னு டப்பாலயே போட்டிருந்துச்சு. டிரீம்காஸ்ட்ல கேமுக்குன்னு இருக்கிறது 16 எம்பி, படத்துக்கு தனியா 8, சத்தத்துக்கு தனியா 2. பெரிய கிராணி பங்களாவுல இருந்த சாமானை லயத்து வீட்டுக்குள்ள கொண்டு வர்ற வேலைன்னு வச்சுக்கயேன், வாசல்லயே கட்டில் மாட்டிக்கும், எதை கழட்டுறது, எதை வெளிய விடுறதுன்னு ஒவ்வொன்னா முடிவு பண்ணணும். போர்ட்னு சொல்றது இதைத்தான். ஃபைலை அப்படியே தூக்கி அடுத்த மெஷின்ல வச்சா போதும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, அப்படி இல்லவே இல்ல.

அந்த வேலையை எடுத்தது கேப்டிவேஷன் டிஜிட்டல்னு ஒரு கம்பெனி, புது மாடல் (ஆளுங்க, ஆயுதத்தோட உருவம்), புது கதை எல்லாம் கியர்பாக்ஸ்னு இன்னொரு கம்பெனி பார்த்துக்கிட்டாங்க. 2000ல அறிவிச்சாங்க, அப்புறம் தேதி தள்ளித் தள்ளிப் போய்க்கிட்டே இருந்துச்சு.

நீ கவனிச்ச லோடிங்க பாரு. ஆரம்பத்துல டிராம்ல போற சீன்ல, பிசின்னா நடுவுல ஒரு நொடி நின்னு திரும்ப ஓடும், பெருசா தெரியாது. உன் சிடில அதே எடத்துல டிராம் அப்படியே நிக்கும், ஸ்கிரீன்ல லோடிங்னு வரும், மெஷினுக்குள்ள டிரைவ் கிர்ர் கிர்ர்னு தேடுற சத்தம் கேக்கும். பிசில அடுத்த ரூமை ஹார்ட்டிஸ்க்லேர்ந்து எடுக்குது, இங்க சிடிலேர்ந்து எடுக்கணும், எடுக்கிறதுக்கு முன்னாடி பழைய ரூமை மெமரிலேர்ந்து காலி பண்ணணும். சேவ் கதை இன்னும் கஷ்டம். ஹாஃப் லைஃப்ல நீ உடைச்ச பெட்டி, திறந்து வச்ச கதவு, செத்துக் கெடக்கிற சிப்பாய் எல்லாத்தையும் கேம் ஞாபகம் வச்சுக்கும், பிசில அதுக்கு எடம் இருக்கு. டிரீம்காஸ்ட்ல கன்ட்ரோலருக்குள்ள சொருகுற விஎம்யுங்கிற மெமரி கார்டுல மொத்தமே 200 பிளாக்தான், ஒரு பிளாக் 512 பைட், அப்ப மொத்தம் 100 கேபி. கேம் போகப் போக சேவ் பெருத்துக்கிட்டே போகும், கடைசில மத்த கேம் சேவை அழிச்சாத்தான் எடம் கிடைக்கும்னு ஆயிடும். மாமாகிட்ட கேட்டுப் பாரு, அவருக்கும் இது நடந்திருக்கும்.

மூஞ்சியும் துப்பாக்கியும் மாறியிருக்கு பாரு, அதுதான் நீ பிடிச்சிருக்கிற முக்கியமான தடயம். கன்சோலுக்கு வர்றப்ப பழைய மாடல் டிவில மொக்கையா தெரியக்கூடாதுன்னு விஞ்ஞானிங்க, செக்யூரிட்டி ஆளுங்க, ஆயுதம் எல்லாத்தையும் கியர்பாக்ஸ் புதுசா செஞ்சாங்க. அதோட 'ப்ளூ ஷிஃப்ட்'னு ஒரு தனிக் கதை, செக்யூரிட்டி கார்டு பார்னியா நீ விளையாடுறது, டிரீம்காஸ்ட் சிடிக்கு போனஸா செஞ்சது அது. 2001 ஜனவரி கடைசில செகா டிரீம்காஸ்ட் செய்றதை நிறுத்துறோம்னு அறிவிச்சாங்க, ஜூன்ல ஹாஃப் லைஃப் டிரீம்காஸ்ட்டை ரத்து பண்ணிட்டாங்க, அப்ப கேம் கடைக்கு வர சில வாரம்தான் பாக்கி. அதே ஜூன்லதான் ப்ளூ ஷிஃப்ட் பிசிக்கு தனி கேமா வந்துச்சு, அந்த புது மாடல்களையும் ஹெச்டி பேக்குன்னு கூடவே குடுத்தாங்க, அதைப் போட்டா பழைய எம்பி5 துப்பாக்கி எம்4ஆ மாறிடும். பிசில ப்ளூ ஷிஃப்ட் வாங்குனவங்க சீக்கிரம் முடிஞ்சு போச்சே, இதுக்கு ஒரு கேம் காசான்னு கோவப்பட்டாங்க. போனஸா குடுக்க செஞ்ச கதைன்னு தெரிஞ்சிருந்தா அந்த கோவம் பாதி குறைஞ்சிருக்கும்னு எனக்கு இப்பவும் தோணும். நவம்பர் 2001ல பிஎஸ்2வுக்கு வந்தப்ப ப்ளூ ஷிஃப்ட் இல்ல, அதுக்கு பதிலா ரெண்டு பேரு சேர்ந்து விளையாடுற 'டீகே' இருந்துச்சு, எதிரி மேல குறியை பூட்டிக்கிற வசதியும் வந்துடுச்சு. டிரீம்காஸ்ட்ல ஒரே ஸ்டிக்க வச்சுக்கிட்டு குறி பார்க்க கட்டை விரல் பட்ட பாடு தெரிஞ்சவனுக்கு அந்த வசதி ஏன் வந்துச்சுன்னு சொல்லத் தேவையில்ல.

ரத்தானதுக்கு அப்புறம் ஒரு பில்டு வெளிய கசிஞ்சுச்சு. பெரும்பாலான டிரீம்காஸ்ட்ல, கோப்பி சிடியை ஓட வைக்கிற மோட்சிப் எதுவும் போடாமலே கம்ப்யூட்டர்ல எரிச்ச சிடி ஓடும், அப்புறம் பசார் மாலாமுக்கு வராம எங்க போகும். எங்க பக்கம் ஜெனரேட்டர் லைட்டுக்கு கீழ மேசை போட்டு, ஜெராக்ஸ் எடுத்த அட்டையை பிளாஸ்டிக் ஃபைல்ல சொருகி வச்சிருப்பாங்க, நம்பரை சொன்னா பையன் எங்கேயோ ஓடிப்போய் சிடி எடுத்துட்டு வருவான். அப்படித்தான் உன் மாமா வாங்கியிருப்பாரு.

ஆனா தம்பி, ஒன்னை மட்டும் கவனி. டின்ல இருக்கிற மத்த சிடில எதாவது குறைஞ்சிருந்தா உடனே அதுவும் பழைய பில்டுன்னு முடிவு பண்ணிடாத. டிரீம்காஸ்ட்டோட ஒரிஜினல் டிஸ்க்கான ஜிடி-ரோம்ல 1 ஜிபி அளவுக்கு எடம் இருக்கு, நம்ம வாங்குற சிடில 700 எம்பிதான். அதனால கோப்பி போடுறவங்க வீடியோவை தூக்கிடுவாங்க, பாட்டை கரகரன்னு ஆக்கிடுவாங்க. வீடியோ இல்ல, பாட்டு கேவலமா இருக்குன்னா அது கோப்பி போட்டவன் கை வரிசை. மாடல் வேற, லெவல்ல கதவு வேற எடத்துல இருக்கு, மெனுல எழுத்து வேறன்னா அப்ப பில்டான்னு யோசிக்கலாம். உறுதியா பார்க்கணும்னா சிடிய இமேஜா, அதாவது முழு சிடியையும் ஒரே ஃபைலா கம்ப்யூட்டர்ல எடுத்து, ஃபைலோட பைட்டை அப்படியே காட்டுற ஹெக்ஸ் எடிட்டர்ல திற, டேட்டா டிராக் தொடக்கத்துல 'செகா செகாகடானா'ன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கும், கடானாங்கிறது அந்த மெஷினுக்கு செஞ்சுக்கிட்டிருந்தப்ப வச்ச பேரு. அதுக்கு கொஞ்சம் கீழ கேம் நம்பர், அப்புறம் வருஷம் மாசம் நாள்னு சேர்த்து எழுதுன 8 இலக்கம் இருக்கும். கோப்பி போட்டவன் அந்த எடத்தை மாத்தியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால உள்ள இருக்கிற ஃபைல்களோட தேதியையும் சேர்த்துப் பாரு, ரெண்டும் ஒத்துப் போனா நம்பலாம்.

கேள்வி: 1993ல ஒரு கேம் புத்தகத்துல செகாவோட பழைய மெஷின் மெகா டிரைவுக்கான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சண்டை கேம் படம் பார்த்தேன், பேரு 'சாம்பியன் எடிஷன்'. கடைக்கு வந்தப்ப 'ஸ்பெஷல் சாம்பியன் எடிஷன்'. இத்தனை வருஷமா கூட்டாளிங்க யாரும் நான் சொல்றதை நம்பல.
– லோரி ஓட்டுனர், கோலா சிலாங்கூர்

பதில்: இந்தப் பக்கத்தை கூட்டாளிங்ககிட்ட காட்டுங்கண்ணே. மெகா டிரைவுக்கு மொதல்ல செஞ்சது சாம்பியன் எடிஷன்தான், புத்தகத்துலயும் படம் வந்துச்சு. அதுக்குள்ள போட்டி மெஷின் சூப்பர் நிண்டெண்டோவுக்கு 20 மெகாபிட் கேட்ரிட்ஜ்ல அதே கேமோட டர்போ பதிப்பு வந்துடுச்சு, வேகமான ஆட்டத்தோட. செகா ஆளுங்க பழசை விட்டா யாரு வாங்குவா? வேலையை திரும்ப எடுத்தாங்க, ஹைப்பர்னு வேகமான மோடு சேர்த்தாங்க, கேட்ரிட்ஜும் 24 மெகாபிட் ஆச்சு, பேரும் மாறுச்சு, 1993 செப்டம்பர்ல வந்துச்சு. ஆறு பட்டன் கன்ட்ரோலர் இல்லாதவங்களுக்கு ஸ்டார்ட் பட்டன அமுக்கி குத்துக்கும் உதைக்கும் மாத்திக்கிற மாதிரி செஞ்சு குடுத்தாங்க. நான் மூனு பட்டன்லயே வளர்ந்தவன், அந்த ஒரு பட்டனுக்கு இன்னிக்கும் நன்றி சொல்லுவேன்.

கேள்வி: எங்க வீட்டுலயும் பழைய எரிச்ச சிடி நிறைய இருக்கு சார், மேல ஸ்டிக்கர் ஓரத்துல பூஞ்சை பூத்த மாதிரி தெரியுது. ஸ்டிக்கரை உரிச்சுட்டு கழுவலாமா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ரவாங்

பதில்: உரிக்காதீங்க டீச்சர், தயவு செஞ்சு உரிக்காதீங்க. எல்லாரும் மினுமினுன்னு இருக்கிற அடிப்பக்கம்தான் முக்கியம்னு நினைக்கிறாங்க, ஆனா எரிக்கிற சிடில டேட்டா இருக்கிற பூச்சு மேல் பக்கம், ஸ்டிக்கருக்கு நேர் கீழ, மெல்லிசா ஒரு அரக்கு பூசுன மாதிரிதான் அதுக்கு பாதுகாப்பு. அடிப்பக்கத்தை மட்டும் மெத்துன்னு இருக்கிற துணியால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா துடைங்க, வட்டமா தேய்க்க வேணாம். அப்புறம் விளையாடிப் பார்க்கிறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல இமேஜ் எடுத்துடுங்க, ஒரு டிரைவ் படிக்கலைன்னா வேற டிரைவ்ல முயற்சி பண்ணுங்க, பழைய டிரைவ் சில சமயம் புதுசை விட நல்லா படிக்கும்.

என்கிட்ட ஒரு சிடி இருந்துச்சு, விக்கிறவன் கையாலயே ஒரு தேதி எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான், உள்ள இருந்த சண்டை கேம்ல கடைல வந்ததுல இல்லாத ஒரு ஸ்டேஜ் இருந்துச்சு. ஸ்டிக்கர் ஓரம் சுருண்டு டிரைவ்ல மாட்டுதேன்னு ஒரு நாள் பசியாறிட்டு உக்காந்து மெதுவா உரிச்சேன். வெள்ளிப் பூச்சும் சேர்ந்தே வந்துடுச்சு. அந்த ஸ்டிக்கர் இன்னும் என் பர்ஸ்ல இருக்கு டீச்சர், தேதி நல்லா படிக்க முடியுது.