மதிலைத் தாண்டிய பிறகு

வணக்கம் ஐயா,

எங்கள் ஊர் தேவகோட்டைப் பக்கம். வீடு ஆண்டில் பத்து மாதம் பூட்டித்தான் கிடக்கும். அப்பச்சியின் வயது நிறைவுச் சாந்தி விழாவுக்காக எல்லாரும் வந்து தங்கியிருந்தபோது, பெட்டகத்தில் வைத்திருந்த நான்கு லட்சத்தை ராத்திரியில் எவனோ பூட்டை உடைத்து எடுத்துக்கொண்டு பின்கட்டு வழியாகப் போய்விட்டான். வாட்ச்மேன் மதிலைத் தாண்டி விரட்டியிருக்கிறார். எட்டும் தூரம்தான், கையில் அரிவாளும் இருந்தது. ஆனால் வீசவில்லை. "பொட்டலத்தோட ஓடுறவனை விட்டுட்டியே" என்று பங்காளிகள் அவரைத் திட்டித் தீர்க்கிறார்கள். பணத்தை மீட்க வெட்டியிருந்தால் அது நியாயம்தானே? அமெரிக்காவில் அதற்குச் சட்டமே இருக்கிறதாமே?

உங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த வாட்ச்மேனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சாந்தி நடந்த வீட்டில் கொலைவழக்கு ஏறாமல் பார்த்துக்கொண்டவர் அவர்.

அமெரிக்கா முழுக்க அப்படி இல்லை. டெக்சாஸில் இருக்கிறது. இரவில் திருடிய பொருளோடு ஓடுபவனை, பொருளை மீட்க வேறு வழியில்லை என்று நியாயமாக நம்பினால் சுடலாம் என்கிறது அந்த மாநிலத்துத் தண்டனைச் சட்டம். சான் அன்டோனியோவில் ஒருவர் 150 டாலரைத் திருப்பித் தராத பெண்ணைச் சுட்டார். அவள் சில மாதம் கிடந்து இறந்தாள். 2013-ல் ஜூரி அவரை விடுவித்தது. அவர் தரப்பு வைத்த வாதங்களில் இந்தச் சட்டமும் ஒன்று. 150 டாலர்! நம்மூர் மொய்க் கணக்கில்கூட அது பெரிய தொகையில்லை.

நம் சட்டம் வேறு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு, கொள்ளை, இரவில் வீட்டை உடைத்துப் புகும் கன்னக்களவு போன்ற சிலவற்றில் மட்டும் தற்காப்பாக உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போக இடம் தருகிறது. அதுவும் தேவைக்கு மேல் போகக் கூடாது. கன்னக்களவில் அந்த உரிமை, அவன் வீட்டுக்குள் அத்துமீறி இருக்கும்வரைதான். மதிலைத் தாண்டி ஓடுபவனைத் துரத்தலாம், மடக்கிப் பிடிக்கலாம், பொட்டலத்தைப் பிடுங்கலாம். வெட்ட முடியாது. இரவில் பூட்டை உடைத்துத் திருடப் புகுந்தவனுக்கு நீதிபதியே அதிகபட்சம் தரக்கூடியது 14 ஆண்டுச் சிறை. நீதிபதியால் தர முடியாததை உங்கள் பங்காளிகள் மாதச் சம்பளக்காரர் ஒருவரிடம் கேட்கிறார்கள்.

அவன் திரும்பி நின்று கத்தியை ஓங்கியிருந்தால், ஆச்சியின் கழுத்தில் வைத்திருந்தால், இந்தப் பதிலே வேறு. அப்போது பேச்சு பணத்தைப் பற்றியதல்ல.

செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் தங்கள் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்பார்கள். சிலப்பதிகாரத்தில் அந்த ஊர் வணிகனான கோவலன் வெட்டுப்பட்டதும் களவுபோன பொருளை மீட்கத்தான். "கொன்றச் சிலம்பு கொணர்க" என்று பாண்டியன் சொன்னது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய அடியில் "கள்வன் கையதாகில்" என்று ஒரு நிபந்தனை இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அரசன் 'ஆகில்' என்றுதான் சொன்னான். அந்த 'ஆகில்' கொலைக்களத்துக்குப் போய்ச் சேரவில்லை. காவலர்களே தயங்கினார்கள், இவன் "கொலைப்படு மகன் அலன்" என்றார்கள். திருட்டைச் செய்த பொற்கொல்லன்தான் பேசிப் பேசி அவர்களைத் தள்ளினான். கடைசியில் வாளை வீசியவன் ஒரு குடிகாரன்.

பொட்டலத்தில் பணம் இருந்தது என்று இன்று உங்களுக்குத் தெரியும். அந்த இருட்டில், அரிவாளோடு ஓடியவருக்கு என்ன தெரியும்? சாந்திக்கு வந்த சமையல் ஆட்களில் ஒருவர் துணிமூட்டையோடு விடிகாலை பஸ்ஸுக்கு ஓடியிருந்தால்?

இன்னொன்று. பொருள் திரும்பி வரவேண்டும் என்றால் திருடன் உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் இந்தத் தென்சீமையில் மாடு களவுபோனால் துப்புச் சொல்பவனுக்குத் துப்புக்கூலி என்று பணம் கொடுத்து மீட்டார்கள். எங்கள் ஐயா இதை வெட்கத்தோடுதான் சொல்வார், களவாணிக்கே கூலி கொடுத்தது போலத்தானே அது. ஆனால் மாடு மறுநாள் கண்மாய்க்கரையில் கட்டிக் கிடக்குமாம். நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. இன்றைக்குப் போலீஸ் இருக்கிறது, கேமரா இருக்கிறது. புகார் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை.

அதோடு, வீடு நிறையச் சனம் கூடியிருந்த நாளில் நான்கு லட்சத்தைப் பேங்கில் போடாமல் பெட்டகத்தில் வைத்தது யார்? அவரைப் பங்காளிகள் என்ன சொன்னார்கள்?