அப்டேட்டுக்குப் பின் திரையில் பச்சைக் கோடு

போன் அப்டேட் ஆன மறுநாள் திரையில் பச்சைக் கோடு வந்துவிட்டது, ஃபேக்டரி ரீசெட் போட்டால் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஃபேக்டரி ரீசெட் (போனில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிது போலாக்குவது) போடாதீர்கள்; அந்தக் கோடு அதனால் போகாது. பழுது பெரும்பாலும் திரையில்தான்.

ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அதில் கோடு இல்லையென்றால் மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. என் போனிலும் மேலிருந்து கீழ்வரை மயிரிழை போல ஒன்று வந்தது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் பளிச்சென்று இருந்தது.

அமோலெட் பேனலின் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகைத் திரை) ஓரத்தில் ஒட்டியிருக்கும், திரையைப் போனோடு இணைக்கும் மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். அப்டேட் ஓடும்போது போன் சூடாகும் அல்லவா, ஏற்கெனவே தளர்ந்த இணைப்பு அப்போது கைவிட்டுவிடும்.

வாரண்டி முடிந்திருந்தாலும் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், சில மாடல்களுக்கு இலவசமாகவே திரை மாற்றித் தந்திருக்கிறார்கள். விரிசலோ தண்ணீர் பட்ட தடமோ இருந்தால் மறுக்கக்கூடும். அப்புறம், பேக்கப்பை இன்றே எடுத்துவிடுங்கள். கோடுகள் பெருகித் திரையே இருண்டுவிடலாம்.